அடிபட்ட குதிரைக்குப் பலம் திரும்ப: கயிறு, பட்டை, கழி எப்போது, எவ்வளவு

பெங்களூரின் சவாரிப் பள்ளிகளிலும் ஊருக்கு வெளியே உள்ள தனியார் லாயங்களிலும் நிற்கும் குதிரைகளில் பல, பந்தயத்தை முடித்துக்கொண்டு வந்த தரோபிரெட் என்ற பந்தய இனக் குதிரைகள். சிலவற்றுக்கு முன்காலில், டெண்டன் என்ற தசைநாணில், பழைய காயம் இருக்கும். சிலவற்றுக்கு முதுகைத் தொட்டாலே நெளியும். மாதக்கணக்கில் லாயத்துக்குள்ளேயே நின்றதால் புட்டத்துச் சதை வற்றி, முதுகெலும்பு மேடாகத் தெரியும். இப்படிப்பட்ட குதிரையைக் கையில் வாங்குகிறவர்கள் முதலில் தேடுவது பயிற்சிச் சாமான்களை: சைடு ரெயின், ஷாம்போன், பெசோவா, இழுவைப் பட்டை. இவை எல்லாவற்றுக்கும் பயன் உண்டு. ஆனால் எதுவும் தானாகச் சதை போடாது. குதிரை தன் உடம்பைச் சரியாகத் தூக்கி நடக்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் சதை போடுகின்றன. சாமானின் வேலை அந்த நடைக்கு வழி காட்டுவது மட்டுமே. தலையை இழுத்துக் கட்டிவைத்தால் வெளியிலிருந்து பார்க்க அழகாக இருக்கும், உள்ளே தவறான தசை வேலை செய்துகொண்டிருக்கும்.

சதை முந்தும், டெண்டன் பிந்தும்

தசைக்கு ரத்த ஓட்டம் அதிகம். ஆறு முதல் எட்டு வாரம் ஒழுங்காக வேலை கொடுத்தால் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு நிறைகிறது. டெண்டனுக்கு ரத்த ஓட்டம் குறைவு. கிழிந்த இடத்தில் புதிய இழை உருவாகி, அது இழுவைக்கு ஏற்ற திசையில் அடுக்கிக்கொள்ள ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும். பழைய டெண்டனின் நெகிழ்வு முழுதாகத் திரும்புவதும் இல்லை. மறுபடி அடிபடும் குதிரைகள் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் அடிபடுகின்றன. குதிரை பளபளவென்று இருக்கிறது, துள்ளுகிறது, நொண்டவில்லை, கால் மட்டும் இன்னும் தயாராகவில்லை. அதனால் டெண்டன், எலும்பு, மூட்டுக் காயம் உள்ள குதிரைக்கு அடுத்த படியைத் தீர்மானிப்பது உங்கள் கண் அல்ல, கால்நடை மருத்துவர் எடுக்கும் அல்ட்ராசவுண்ட் அல்லது எக்ஸ்ரே. ஸ்கேன் செலவைப் பார்த்து ஒரு படியைத் தாண்டினால், பிறகு ஆறு மாதம் வீணாகலாம்.

வலி மருந்து ஓடிக்கொண்டிருக்கும் நாட்களில் வேலையைக் கூட்டவே கூடாது. மருந்து காலைக் குணப்படுத்தி இருக்காது, உங்களுக்கு வர வேண்டிய தகவலைத்தான் நிறுத்தி வைத்திருக்கும்.

தொடங்கும் முன் எடுத்துவைக்க வேண்டிய கணக்கு

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். லாயத்தில் ஓய்வாக நிற்கும்போது நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16, உடல் வெப்பம் 37.2 முதல் 38.3 டிகிரி செல்சியஸ். இதுதான் வளர்ந்த குதிரையின் இயல்பு. உங்கள் குதிரையின் எண்களை மூன்று நாள் காலையில் எடுத்து எழுதுங்கள். இனி ஒப்பிட வேண்டியது அதனோடுதான்.

எடை மேடை இல்லாவிட்டால் தையல் நாடா போதும். முன்காலுக்குப் பின்னால், விதர்ஸ் என்று லாயத்தில் சொல்லும் தோள்மேட்டைச் சுற்றி நெஞ்சுச் சுற்றளவு எடுங்கள். தோள்முனையிலிருந்து புட்ட எலும்பு முனை வரை நீளம் எடுங்கள். சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் கிலோவில் எடை கிடைக்கும். சுற்றளவு 180 செ.மீ., நீளம் 160 செ.மீ. என்றால் சுமார் 436 கிலோ.

முதுகின் வடிவத்தைப் பதிவு செய்ய அவென்யூ ரோட்டு ஸ்டேஷனரிக் கடைகளில் ஓவியர்கள், வரைபடக்காரர்கள் வாங்கும் வளையும் ஸ்கேலைக் கேளுங்கள், 60 செ.மீ. நீளமானது நல்லது. தோள்மேட்டுக்கு இரண்டு விரல் பின்னால், முதுகின் நடுவில், கடைசி விலா எலும்பருகில் என மூன்று இடத்தில் குறுக்காக அழுத்தி, அதே வடிவத்தைச் சார்ட் பேப்பரில் வரைந்து தேதி போடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அதே தாளில் அடுத்த கோடு. கோடு அகலமாகிக்கொண்டே போனால் வேலை சரி. ஒரு பக்கம் மட்டும் அகலமானால் குதிரை ஒரு காலைக் காப்பாற்றிக்கொண்டு நடக்கிறது.

காலைத் தினமும் தொட்டுப் பாருங்கள். வேலைக்கு முன்பும், மறுநாள் காலையிலும். முழங்காலுக்குக் கீழே காலைத் தூக்கிப் பிடித்து, பின்பக்க டெண்டனைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் வைத்து மேலிருந்து கீழே மெதுவாக நசுக்கிக்கொண்டே வாருங்கள். சூடு, வீக்கம், வெடுக்கென்று காலை இழுப்பது, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அன்றைக்கு வேலை இல்லை. இதை உங்களைவிட, குதிரையைப் பராமரிக்கும் சைஸ் முதலில் கண்டுபிடிப்பார். "அண்ணே, காலையில இடது கால்ல லேசா சூடு தெரியுது" என்று அவர் சொன்னால், ட்ரெயினர் என்ன சொன்னாலும் முதலில் அந்தக் காலைப் பாருங்கள்.

நின்ற இடத்திலேயே: கேரட்டும் விரலும்

பலரும் தாண்டிப் போவது இதைத்தான், நம் கையில் இருக்கும் மிகச் சிறந்த சிகிச்சையும் இதுதான். முதுகெலும்புக் கணுக்களை ஒன்றோடொன்று அசையாமல் பிடித்துவைப்பது, எலும்பை ஒட்டி ஆழத்தில் கிடக்கும் மல்டிஃபிடஸ் என்ற சிறு தசை. முதுகு வலி வந்தால் அது சுருங்கிவிடும், வலி போன பிறகும் தானாகத் திரும்பாது. 2011இல் வெளியான ஓர் ஆய்வில் எட்டு குதிரைகளுக்குச் சவாரியே இல்லாமல், தீனியைக் காட்டித் தலையை வளைக்கும் பயிற்சிகளை மட்டும் வாரம் ஐந்து நாள், மூன்று மாதம் கொடுத்தார்கள். ஒவ்வொன்றும் நாளுக்கு ஐந்து முறை. முடிவில் அந்தத் தசையின் பருமன் கூடியிருந்ததை ஸ்கேன் காட்டியது.

கேரட்டை நீளவாக்கில் நான்காகப் பிளந்துகொள்ளுங்கள். உருண்டைத் துண்டுகள் தொண்டையில் சிக்கும், உங்கள் விரலும் கடிபடும். குதிரையைச் சமதரையில், பின்பக்கம் சுவரை ஒட்டி நிறுத்துங்கள், இல்லையென்றால் பின்னால் நகர்ந்து ஏமாற்றும். நான்கு காலும் சதுரமாக இருக்கட்டும். முதலில் தாடை நெஞ்சுக்கு, அடுத்து முழங்கால்களுக்கு நடுவில், அடுத்து முன்காலில் குளம்புக்குச் சற்று மேலே உள்ள ஃபெட்லாக் மூட்டுகளுக்கு நடுவில். பிறகு பக்கவாட்டில்: வயிற்றுப்பட்டை கட்டும் இடம், இடுப்பு முனை, பின்காலின் நடுவில் மடங்கும் ஹாக் மூட்டு. ஒவ்வொரு நிலையிலும் ஐந்து விநாடி நிற்க வேண்டும். கேரட்டை உடனே கொடுத்துவிட்டால் வெடுக்கென்று வளைந்து வெடுக்கென்று திரும்பும், அதில் பயன் இல்லை. நக்க விடுங்கள், ஐந்து எண்ணுங்கள், பிறகு கொடுங்கள். காலை மடக்கியோ தலையைச் சாய்த்தோ எட்டினால் தூரத்தைக் குறைக்க வேண்டும். இடப்பக்கம் எளிதாகவும் வலப்பக்கம் சிரமமாகவும் இருந்தால் அதையும் நோட்டில் எழுதுங்கள்.

அடுத்தது முதுகைத் தூக்குவது. வயிற்றின் நடுக்கோட்டில், வயிற்றுப்பட்டை கட்டும் இடத்தில் விரல் நுனிகளால் மேல்நோக்கி அழுத்தினால் தோள்மேடு உயரும். குதிரையின் பக்கவாட்டில் நின்று, புட்டத்தின் இரு பக்கமும் வால் அடியிலிருந்து கீழே இறங்கும் தசைப் பள்ளத்தில் விரலை ஒரே நேரத்தில் இழுத்தால் இடுப்பைச் சுருட்டி முதுகை உயர்த்தும். ஐந்து விநாடி, மூன்று முதல் ஐந்து முறை. கூச்சமுள்ள குதிரை உதைக்கும். நேர் பின்னால் நிற்காதீர்கள், கூட ஒருவர் தலைக்கயிற்றைப் பிடிக்கட்டும். பேனா முனை, ஊசி எதுவும் வேண்டாம். விரல் நகமே பல குதிரைகளுக்கு அதிகம்.

மண்ணில் பதியும் அடி

நடைதான் அடித்தளம். கையில் பிடித்து நேர்கோட்டில், சுறுசுறுப்பாக, தலையைத் தாழ்த்தி நடக்க விடுவது. சோம்பேறித்தனமாக இழுத்துக்கொண்டு போகும் அரை மணி நேரத்தைவிட, ஒழுங்காக நடக்கும் பத்து நிமிடம் மேல்.

வேலைக்கு முன் தடத்தை ஒரு முறை வாரிச் சமப்படுத்துங்கள். குதிரையை ஒரு தடவை நடத்திவிட்டு, குனிந்து அடிகளைப் பாருங்கள். முன்கால் வைத்த அடி, அதே பக்கத்துப் பின்கால் வைத்த அடி. பின்கால் அடி முன்கால் அடிக்குள்ளேயோ அதைத் தாண்டியோ விழுந்தால் முதுகு தளர்ந்திருக்கிறது. முன்கால் அடியை எட்டாமல் நான்கு விரல் பின்தங்கி விழுந்தால் முதுகு இறுகியிருக்கிறது, அல்லது ஏதோ வலிக்கிறது. இரு பக்கமும் வேறு வேறு தூரம் என்றால் அளந்து எழுதுங்கள். பின்கால் அடிக்கு முன்னால் மண்ணில் ஒரு கோடு கீறியிருந்தால் குதிரை குளம்பு நுனியை இழுக்கிறது. தொடக்கத்திலேயே கோடு இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். இருபதாவது நிமிடத்தில் கோடு வந்தால் அது களைப்பு. அன்றைய வேலை பதினெட்டாவது நிமிடத்தோடு முடிந்திருக்க வேண்டும். இந்தச் செம்மண் தடம் எந்த விலையுயர்ந்த கருவியும் சொல்லாத அளவுக்கு நிறையச் சொல்லும். லாடம் அடிப்பவர் வரும்போது கழற்றிய பின்கால் லாடங்களை வாங்கிப் பாருங்கள். நுனி ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் இதே கதைதான்.

தரை எப்படி இருக்க வேண்டும்? குளம்பு சுமார் ஒரு அங்குலம் புதைந்தால் சரி. ஆழமான மணல் டெண்டனை இழுக்கும். மழைக்குப் பிறகு நம்மூர்ச் செம்மண் மேலே வழவழவென்றும் அடியில் கல் போலவும் இருக்கும். அன்றைக்கு வட்டமும் கழியும் வேண்டாம், நேர் நடை மட்டும். மார்ச், ஏப்ரலில் தூசு பறக்காமல் முந்தின நாள் மாலையே தண்ணீர் தெளித்து வையுங்கள். பெங்களூரில் பெரும்பாலும் மழை மாலையில் வருகிறது, வெயில் பத்து மணிக்குமேல் ஏறுகிறது. ஆகவே காலை ஆறு முதல் எட்டரைக்குள் வேலையை முடிப்பதே எல்லா மாதத்துக்கும் பொருந்தும்.

வட்டம் சுற்ற விடும்போது

நீண்ட கயிற்றில் சுற்ற விடும் லஞ்சிங்குக்குக் கேவசன் என்ற மூக்குப்பட்டை வேண்டும். கடிவாளத்தின் ஒரு பக்க வளையத்தில் கயிற்றை மாட்டினால் தலை திருகிக்கொள்ளும், கழுத்து கோணலாகும். கேவசனின் மூக்குப் பட்டை கன்ன எலும்பு மேட்டுக்கு இரண்டு விரல் கீழே உட்கார வேண்டும். அதற்கும் கீழே போனால் மூச்சை அடைக்கும். தோல் சாமான்களுக்குக் கான்பூர்த் தயாரிப்புகள் நம் விலையில் கிடைக்கின்றன; வாங்கும்போது உள்பக்கத் தையலை விரலால் தடவிப் பாருங்கள், முடிச்சு உறுத்தினால் மூக்கில் புண் வரும். கயிறு எட்டு முதல் பத்து மீட்டர். கையுறை கட்டாயம். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது, மடித்துப் பிடிக்க வேண்டும். குதிரை ஒரு முறை பாய்ந்தால் சுற்றிய கயிறு விரலையே கொண்டுபோய்விடும்.

வட்டம் 18 முதல் 20 மீட்டர் விட்டம். சிறிய வட்டத்தில் கால் மூட்டுகளும் நார்களும் பக்கவாட்டில் முறுக்கப்படும். அதனால்தான் கால் காயத்திலிருந்து மீள்கிற குதிரைக்கு மருத்துவர் அனுமதிக்கும்வரை வட்டமே கிடையாது. முதுகு பலவீனம் மட்டும் உள்ள குதிரைக்கு வாரம் இரண்டு மூன்று நாள் வட்டம் போதும். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை திசையை மாற்றுங்கள்.

முதல் பத்து நிமிடம் எந்தச் சாமானும் மாட்டாமல் நடை. கடிவாளத்திலிருந்து இரு பக்கமும் பின்னால் போகும் வாரான சைடு ரெயினைச் சூடேறிய பிறகே மாட்ட வேண்டும். உடம்பைச் சுற்றிக் கட்டும் ரோலர் என்ற பட்டையில் அதைத் தோள்முனை உயரத்தில் இணைத்து, குதிரை இயல்பாக நிற்கும்போது லேசாகத் தொங்கும் அளவுக்கு விடுங்கள். வேலைக்கு வரும்போது மூக்கு, நெற்றியிலிருந்து விழும் செங்குத்துக் கோட்டுக்கு ஒரு கையளவு முன்னால் இருக்க வேண்டும். நடையின்போது குதிரை ஒவ்வொரு அடிக்கும் கழுத்தை முன்னும் பின்னும் ஆட்டும். அந்த ஆட்டத்தைச் சைடு ரெயின் தடுக்கும், எனவே நடைக்கு அவிழ்த்துவிட்டு, ட்ராட் என்ற துள்ளுநடைக்கு மட்டும் மாட்டுங்கள். முதல் வாரம் ஐந்து நிமிடம், அதிகபட்சம் பதினைந்து.

இறுக்கிவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். கழுத்தின் மிக உயரமான இடம் காதுக்குப் பின்னால் இருக்க வேண்டும். இறுக்கிய குதிரைக்கு அது அங்கிருந்து ஒரு சாண் பின்னால், கழுத்தின் நடுவில் வளைந்திருக்கும். மூக்கு நெஞ்சைப் பார்க்கும். பின்கால் அடி சுருங்கும், எடை முன்காலுக்கு இறங்கும். கழுத்தின் அடிப்பக்கத் தசை தடிக்கும், மேற்பக்கம் பள்ளமாகவே இருக்கும். மூன்று மாதம் கழித்து "சைடு ரெயின் போட்டும் முதுகு வரவில்லையே" என்று கேட்கிற குதிரைகளில் பெரும்பாலானவை இந்த வகை. இரண்டு ஓட்டை தளர்த்தினாலே அடியின் நீளம் திரும்புவதை அதே நாளில் பார்க்கலாம்.

முதுகுக்கு நாம் சிபாரிசு செய்வது ஷாம்போன். வயிற்றுப்பட்டையிலிருந்து முன்கால்களுக்கு நடுவில் வரும் கயிறு, உச்சந்தலைப் பட்டையின் வளையங்கள் வழியாகக் கடிவாளத்துக்குப் போகும். தலையைத் தூக்கினால் உச்சந்தலையில் அழுத்தம், தாழ்த்தினால் உடனே விடுதலை. தாழ்ந்த தலை, காதிலிருந்து வால்வரை ஓடும் நார்களை இழுத்து முதுகைத் தூக்கிப் பிடிக்கிறது. வயிற்றுத் தசை தானாகச் சேர்ந்துகொள்கிறது. ஆனால் குதிரை ஷாம்போனைப் புரிந்துகொள்ள இரண்டு மூன்று நாள் ஆகும். முதல் நாள் நின்ற இடத்திலேயே மாட்டி, தலையைத் தாழ்த்தினால் அழுத்தம் போகிறது என்று கற்றுக்கொடுங்கள். பிறகு கயிறு தளர்வாக நடை. ட்ராட் அதற்கும் பிறகு. ஷாம்போனோடு சவாரி, தாண்டுதல், பின்னோக்கி நடத்தல் எதுவும் கூடாது. பயந்து தலையைத் தூக்கும் குதிரைக்கு இது பொறி ஆகிவிடும், மல்லாந்து விழும் ஆபத்து உண்டு.

பின்பக்கத்தைச் சுற்றிக் கயிறு போகும் பெசோவாவைப் பலர் எல்லாவற்றுக்கும் தீர்வாக நினைக்கிறார்கள். அதில் பின்கால் ஒவ்வொரு முறை முன்னால் வரும்போதும் கடிவாளம் சற்றே இழுபடுகிறது. பழகிய கையில் பயன், புதியவர் கையில் வாய் புண். காயத்திலிருந்து மீளும் குதிரைக்கு இதற்குப் பதிலாக இழுவைப் பட்டையை மாட்டலாம். அதில் வாய்க்குச் சம்பந்தமே இல்லை.

இழுவைப் பட்டை

சேணத்துணியில் கொக்கியால் மாட்டும் ரப்பர் பட்டைகள் இரண்டு: ஒன்று வயிற்றுக்கடியில், ஒன்று பின்தொடையைச் சுற்றி. 2017இல் வெளியான ஓர் ஆய்வு, நான்கு வாரம் இவற்றோடு பயிற்சி செய்த குதிரைகளுக்கு ட்ராட்டில் முதுகின் தேவையற்ற அசைவு குறைந்ததாகக் காட்டியது. குதிரைகள் சிலவே, எனவே அதை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் பின்பக்கத்தை மறந்துபோன குதிரைக்கு, அங்கே ஒரு உடம்பு இருக்கிறது என்று நினைவூட்டுவதில் இதற்கு நிகர் இல்லை.

இழுவை எவ்வளவு? பட்டை தளர்வாக இருக்கும்போது மார்க்கரால் 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு புள்ளி வையுங்கள். மாட்டியபின் அந்த இடைவெளி 13 செ.மீ. ஆக வேண்டும். அதற்குமேல் இழுத்தால் குதிரை இறுகும். முதல் நாளில் அதுகூட வேண்டாம், 11 போதும்.

பின்பட்டை புட்ட எலும்பு முனைக்குக் கீழே, ஹாக்குக்கு நன்றாக மேலே, தொடைச் சதையின் நடுவில் உட்கார வேண்டும். வால் பட்டைக்கு வெளியே இருக்கட்டும். மாட்டுவதற்கு முன் ஒரு மென்மையான கயிற்றைப் பின்தொடையில் சுற்றி, கையில் பிடித்தபடி இரண்டு நாள் நடத்திப் பாருங்கள். உதைத்தால் இன்னும் இரண்டு நாள். முதலில் பின்பட்டை மட்டும், நடையில், ஐந்து நிமிடம், வாரம் மூன்று நாள். இரண்டு வாரம் கழித்து வயிற்றுக்கடியில் போகும் ரப்பர் பட்டை. நான்காவது வாரத்தில் மொத்தம் இருபது நிமிடத்தைத் தொடலாம். தினமும் மாட்டினால் குதிரை அதைக் கவனிப்பதை நிறுத்திவிடும்.

உடற்பயிற்சிக் கடையில் வாங்கிய ரப்பர் பட்டையைச் சேணத்தில் முடிச்சுப் போட்டுக் கட்டுபவர்கள் உண்டு. எங்காவது சிக்கினால் அவிழாது. அவசரத்தில் ஒரே இழுப்பில் கழன்றுவரும் கொக்கி இல்லாத எதையும் குதிரை மேல் கட்ட வேண்டாம். ரப்பர் வெயிலில் காய்ந்தால் வெடிப்பு விடும், மாதம் ஒரு முறை இழுத்துப் பாருங்கள்.

தரையில் கழிகள்

கட்டடச் சாரத்துக்கு விற்கும் யூகலிப்டஸ் அல்லது சவுக்குக் கழி, மூன்று மீட்டர் நீளம், குறைந்தது 10 செ.மீ. விட்டம். பட்டையைச் சீவி, கணுக்களை இழைத்து, இரண்டு வெள்ளைப் பட்டை அடித்தால் குதிரைக்கு நன்றாகத் தெரியும். பிவிசி குழாய் வேண்டாம், மிதித்தால் உடைந்து கத்தி போல் நிற்கும். உருளாமலிருக்க இரு முனையிலும் சிறு மணல்மூட்டை வையுங்கள். மிதித்த கழி உருண்டால் ஃபெட்லாக் பிசகும், இத்தனை மாத வேலையும் போகும். உயர்த்துவதற்கு 30 செ.மீ. மரக்கட்டையில் வளைவாக வெட்டிக்கொள்ளலாம். டயர் மேல் வைப்பது வழக்கமாக இருக்கிறது. குளம்பு டயருக்குள் நுழைந்த குதிரை என்ன செய்யும் என்று யோசித்தால் யாரும் வைக்கமாட்டார்கள்.

நடைக்கு இடைவெளி 80 முதல் 90 செ.மீ., ட்ராட்டுக்கு 1.2 முதல் 1.4 மீட்டர். இது தொடக்கம்தான். வாரிய தடத்தில் உங்கள் குதிரையின் சொந்த அடி நீளத்தை அளந்து அதற்கேற்ப வையுங்கள். மீளும் குதிரையை அதன் அடியைவிட நீட்டச் சொல்லக் கூடாது. ஒவ்வொரு குளம்பும் இரண்டு கழிகளின் நடுவில் விழ வேண்டும். பின்னால் விழுந்துகொண்டே வந்தால் இடைவெளி அதிகம், கழியை ஒட்டி முன்னால் விழுந்தால் குறைவு.

முதல் நாள் ஒரே ஒரு கழி. பிறகு மூன்று, நான்கு. ட்ராட்டில் இரண்டு கழி வைக்காதீர்கள், பல குதிரைகள் அதை ஒன்றாகச் சேர்த்துத் தாண்டிவிடும். ஆறுக்கு மேல் தேவையில்லை. இரண்டு வாரம் தவறாமல் கடந்தபிறகு ஒன்றுவிட்டு ஒன்று ஒரு முனையை மட்டும் 10 செ.மீ. உயர்த்துங்கள், அதன்பின் இரு முனையும், கடைசியில் 20 செ.மீ. உயரம் கூடும்போது முழங்காலும் ஹாக்கும் அதிகம் மடங்கும், ஒரு கால் தரையைவிட்டு உயர்ந்திருக்கும் நேரம் நீளும். சமநிலைக்கான ஆழ்தசைகள் அந்த நேரத்தில்தான் உழைக்கின்றன. கழியை இரண்டு முறை தொடர்ந்து தட்டினால் களைப்பு. உயரத்தை இறக்கி, ஒரு நல்ல சுற்றோடு முடியுங்கள். ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு சுற்று, வாரம் இரண்டு நாள், அடுத்தடுத்த நாட்களில் அல்ல. கழிகள் மேல் சைடு ரெயின் கூடாது. கால் வைக்கும் இடத்தைப் பார்க்க அதற்குத் தலை வேண்டும்.

வாரக் கணக்கு

முதுகு வலி தீர்ந்து, கால்களில் குறை இல்லை என்று மருத்துவர் சொன்ன குதிரைக்கு ஒரு மாதிரி ஓட்டம் இது. முதல் இரண்டு வாரம் கேரட் பயிற்சியும் கையில் பிடித்து நடையும் மட்டும். 15 நிமிடத்தில் தொடங்கி 30. மூன்றாவது, நான்காவது வாரம் ஒற்றைக் கழி, பின்பட்டை, நேர்கோட்டில் மூன்று நான்கு அடி பின்னோக்கி நடத்தல். பின்னோக்கி நடக்கும்போது தலை தாழ்ந்திருக்க வேண்டும், தலையைத் தூக்கிக்கொண்டு பின்வாங்கினால் முதுகு குழிந்துபோகும். ஐந்து முதல் எட்டாவது வாரம் வட்டத்தில் ஷாம்போனோடு ட்ராட், இரண்டு நிமிடமாக நான்கு முறை, இடையில் நடை, தரையில் கழிகள். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை உயர்த்திய கழிகள், மென்மையான மேட்டில் நடந்து ஏறுதல். இறக்கம் கடினம், முதலில் நேராக இறங்காமல் மேட்டின் குறுக்கே சுற்றிப் போகும் பாதையில் இறங்குங்கள். வாரத்தில் இரண்டு நாள் ஓய்வு, ஓய்வு நாளிலும் வெளியே அவிழ்த்துவிட வேண்டும்.

நேரத்தையும் கடினத்தையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள். தசை வலி 24 முதல் 48 மணி நேரம் கழித்துத்தான் தெரியும். எனவே புதன்கிழமை கூட்டியதை வெள்ளிக்கிழமை பார்த்துத்தான் மதிப்பிட முடியும்.

டெண்டன் குதிரைக்கு இந்தக் கணக்கைப் போடக் கூடாது. அதற்குப் பொதுவாக நாளுக்கு இரண்டு முறை ஐந்து முதல் பத்து நிமிட நடையில் தொடங்கி, மூன்று மாதத்தில் 45 நிமிட நடைக்கு வந்து, ஸ்கேன் நன்றாக இருந்தால் மட்டும் ஐந்து நிமிட ட்ராட். அந்த மாதங்களில் கேரட் பயிற்சி தாராளமாகச் செய்யலாம். நீச்சல் குளம் கிடைத்தால், காலில் எடை இல்லாமல் மூச்சுக்கும் இதயத்துக்கும் வேலை கொடுக்கும். ஆனால் நீந்தும் குதிரை தலையைத் தூக்கி முதுகைக் குழிக்கிறது, முதுகு வலி உள்ளதற்கு அது கெடுதல்.

தீனி, வியர்வை

தசை புரதத்திலிருந்து வருகிறது. உலர்ந்த எடையில் கணக்கிட்டால் உடல் எடையில் குறைந்தது 1.5 சதவீதம் புல், வைக்கோல் போன்ற நார்த்தீனி தேவை. 450 கிலோ குதிரைக்குச் சுமார் ஏழு கிலோ. பச்சையாக அறுத்த குதிரைமசால் தீவனத்தில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்பதால் அதைத் தராசில் பார்த்து ஏமாறக் கூடாது. கொள்ளு நல்ல புரதம், ஊறவைத்து வேகவைத்துக் கொடுங்கள். தானியத் தீனி ஒரு வேளைக்கு இரண்டு கிலோவைத் தாண்ட வேண்டாம். லாயத்தில் ஓய்வாக நிற்கும் நாட்களில் தானியத்தைக் கட்டாயம் குறையுங்கள். குறைக்காமல் ஓய்வுக்குப் பிறகு வேலைக்கு எடுத்தால் சில குதிரைகளுக்குப் பின்தசை கட்டையாக இறுகி, சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். அந்தக் குதிரையை ஓரடிகூட நடத்தாமல் அங்கேயே நிறுத்தி மருத்துவரைக் கூப்பிடுங்கள். உப்பு நாளுக்கு 25 முதல் 30 கிராம், வியர்க்கும் நாட்களில் 50 வரை.

வேலை முடிந்து பத்து நிமிடத்தில் நாடி 60க்குக் கீழே வர வேண்டும். வராவிட்டால் வேலை அதிகம். சூடான குதிரைமேல் தண்ணீர் ஊற்றினால் பிடிப்பு வரும் என்று பல லாயங்களில் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை. தாராளமாக, தொடர்ந்து ஊற்றுங்கள்.

சேணம் ஏறும் நாள்

மூன்று மாதத்தில் முதுகு அகலமாகியிருக்கும், பழைய சேணம் தோள்மேட்டின் இரு பக்கமும் கிள்ளும். நீங்கள் வரைந்த கடைசிக் கோட்டை அட்டையில் வெட்டி, சேணத்தின் அடியில் வைத்துப் பாருங்கள். பொருந்தாவிட்டால் கனத்த துணி வைத்துச் சமாளிக்காதீர்கள், அது இன்னும் இறுக்கும். ஏறுவதற்கு மேடை வையுங்கள், தரையிலிருந்து ஏறினால் முதுகை ஒரு பக்கமாக இழுக்கும். முதல் வாரம் லேசான சவாரியாளர், பத்து நிமிடம், நடை மட்டும், தளர்ந்த கடிவாளத்தோடு. சவாரி தொடங்கிய பிறகும் கேரட் பயிற்சி வாரம் ஐந்து நாளும், கழிகள் இரண்டு நாளும் தொடரட்டும். சேணம் கழற்றியதும் வியர்வைத் தடத்தைப் பாருங்கள்: சேணத்தின் கீழே ஈரத்துக்கு நடுவில் உலர்ந்த திட்டு இருந்தால் அங்கே அழுத்தம் அதிகம், அல்லது சேணம் படவே இல்லை; அடுத்த சவாரிக்கு முன் அதைச் சரிசெய்ய வேண்டும்.